14 ஜென்கின்ஸ் ஜாப்களை கிட்டுக்குள் கொண்டுவருவது: எது உள்ளே, எது வெளியே?

எட்டாங்கட்டை கேட்டது:

வணக்கம். சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மேல்மாடியில் ஐந்து பேராக வேலை செய்கிறோம். செம்பனை ஆலைகளின் லோரித் தராசுக்கு மென்பொருள் எழுதுவதுதான் தொழில். லோரி உள்ளே வரும்போது ஓர் எடை, குலையை இறக்கிவிட்டுப் போகும்போது ஓர் எடை. கழித்தால் கிடைப்பது தோட்டத்துக் கணக்கு. மூன்று பகுதிகள் உண்டு: ஜாவாவில் சர்வர், தராசு அறைக் கணினிக்கு விண்டோஸ் நிரல், தோட்டத்தில் குலை எண்ணும் கிராணிக்கு ஆண்ட்ராய்டு செயலி.

மூன்றையும் பில்ட் செய்வது (எழுதிய வரிகளை ஓடும் நிரலாக்குவது) அலுவலக மூலையில் ஜென்கின்ஸ் என்ற தானியங்கி பில்ட் சர்வர் ஓடும் ஒரே பெட்டி. 14 ஜாப் (ஒவ்வொன்றும் ஒரு பில்ட் வேலை), அத்தனையும் ஃப்ரீஸ்டைல், அதாவது பிரவுசரில் சொடுக்கி அமைத்தவை. யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பதற்குத் தடயமே இல்லை. மழைமாதத்தில் இங்கே மின்னல் எப்படி இறங்கும் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பெட்டி கருகினால் 14 ஜாப்பையும் ஞாபகத்திலிருந்துதான் திரும்ப எழுப்ப வேண்டும்.

எல்லாவற்றையும் கிட்டில் (மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கருவியில்) வைக்க முடிவு செய்துவிட்டோம். என் கேள்விகள்: ஜென்கின்ஸ் தன் அமைப்பையெல்லாம் வைத்திருக்கும் ஹோம் டைரக்டரியை அப்படியே கமிட் செய்தால் (கிட்டில் பதிந்தால்) போதுமா? பில்ட் படிகளை எழுதிவைக்கும் ஜென்கின்ஸ்ஃபைலுக்குள் எவ்வளவு எழுதுவது? கடவுச்சொற்களை எங்கே வைப்பது? சில ஆலைகளில் 3.8, சிலவற்றில் 3.9, புதியவற்றில் 3.10 ஓடுகிறது; பழைய பதிப்புகளுக்கும் திருத்தம் அனுப்ப வேண்டியிருக்கிறது. அந்தப் பதிப்புகளுக்கான பிராஞ்ச்களை (கிட்டில் தனித்தனியாக ஓடும் கிளைகளை) என்ன செய்வது?

---

கிந்தாக்கரை பதில்:

தம்பி, ஹோம் டைரக்டரியை கமிட் செய்ய வேண்டாம். காரணத்தை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். ஏதாவது ஒரு ஜாப்பின் கான்ஃபிக் எக்ஸ்எம்எல் கோப்பைத் திறங்கள். ஏறக்குறைய ஒவ்வொரு பகுதியின் தலையிலும் பிளகின் (ஜென்கின்ஸோடு சேர்க்கும் துணை நிரல்) பெயர், பக்கத்தில் அட் குறி, பதிப்பு எண் என்று ஒட்டிக்கொண்டிருக்கும். கிட் பிளகினை மேம்படுத்திவிட்டு, வேறொன்றையும் தொடாமல் சேவ் அழுத்தினாலே அந்த எண்கள் மாறிவிடும். நீங்கள் தேடும் மாற்றமோ ஷெல் கட்டளைக்குள் ஒரே ஒரு வரி. அதுவும் மேற்கோள்குறிகள் எல்லாம் எக்ஸ்எம்எல் எழுத்துக்கோவையாக உருமாறி, படிக்க முடியாத கோலத்தில் கிடக்கும். அப்படிப்பட்ட டிஃப்பை (மாற்றப் பட்டியலை) யாரும் நிதானமாகப் படித்து ஒப்புதல் கொடுக்கமாட்டார்கள். படிக்க முடியாத வரலாறு இருந்தும் பயனில்லை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கிரெடென்ஷியல்கள் (ஜென்கின்ஸில் சேமித்த கடவுச்சொற்கள்) மறையாக்கம் செய்யப்பட்டுத்தான் இருக்கும். ஆனால் திறவுகோல் அதே ஹோமில், சீக்ரெட்ஸ் என்ற டைரக்டரியில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ரெப்போவுக்குள் (கிட் களஞ்சியத்துக்குள்) போனால் ரெப்போவைப் பார்க்கிற எவரும் கடவுச்சொல்லைப் பிரித்துவிடலாம்.

ஆகவே மூன்றாகப் பிரித்து வையுங்கள். ஒரு நிரலை எப்படி பில்ட் செய்வது என்பது அந்த நிரலின் ரெப்போவிலேயே ஜென்கின்ஸ்ஃபைலாக இருக்கட்டும். ஜென்கின்ஸ் சர்வர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குத் தனி ரெப்போ: டாக்கர்ஃபைல் (சர்வரை டாக்கர் இமேஜாக, அதாவது எங்கும் எழுப்பக்கூடிய பொதியாகக் கட்டும் குறிப்பு), பிளகின் பட்டியல், ஜேகாஸ்க் யாமல் (யாமல் என்பது அமைப்புகளை எழுதும் உரை வடிவம்). ரகசியங்கள் எந்த ரெப்போவிலும் வேண்டாம்.

ஜேகாஸ்க் என்பது கான்ஃபிகரேஷன் ஆஸ் கோட் பிளகின். பயனர் உரிமைகள், ஏஜென்ட்கள் (பில்ட் ஓடும் கணினிகள்), டூல்கள், மெயில் சர்வர் என்று மேனேஜ் பக்கத்தில் சொடுக்குகிற பெரும்பாலானவற்றை யாமலில் எழுதலாம். உங்கள் சர்வரின் இப்போதைய நிலையை அதே பிளகினின் பக்கத்திலிருந்து யாமலாக எடுக்கலாம். எடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளாதீர்கள். இயல்பு மதிப்புகளும் கொட்டிக் கிடக்கும். நீங்கள் வேண்டுமென்றே மாற்றியவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துப் புதுக் கோப்பில் எழுதுங்கள். உங்கள் அளவுக்கு அது பெரிய கோப்பாக வராது.

பிளகின் பட்டியலில் ஒவ்வொரு வரியும் பெயர், முக்காற்புள்ளி, பதிப்பு எண் என்று இருக்கட்டும். இங்கே பலர் சறுக்குகிறார்கள்: தாங்கள் விரும்பிப் போட்ட பிளகின்களுக்கு மட்டும் பதிப்பைக் குறித்துவிட்டு, அவை சார்ந்திருக்கும் பிளகின்களை எழுதாமல் விடுகிறார்கள். ஜென்கின்ஸின் பிளகின் நிறுவி, பட்டியலில் இல்லாத சார்புகளுக்கு அன்றைக்குக் கிடைக்கும் புதியதை இழுத்துவரும். அதனால் ஜனவரியில் கட்டிய இமேஜும் மார்ச்சில் கட்டிய இமேஜும் ஒன்றாக இருக்காது. சார்புகளையும் சேர்த்து முழுப் பட்டியலை எழுதுங்கள்.

ஃப்ரீஸ்டைலிலிருந்து மாறும் வரிசைதான் முக்கியம். நேரே ஜென்கின்ஸ்ஃபைலுக்குத் தாவாதீர்கள். முதலில் ஜாப்பின் ஷெல் பெட்டிக்குள் இருக்கும் கட்டளைகளை வெட்டி, நிரலின் ரெப்போவில் ஒரு ஸ்கிரிப்ட் கோப்பாகப் போடுங்கள். பெட்டிக்குள் அந்த ஸ்கிரிப்டைக் கூப்பிடும் ஒரு வரி மட்டும் மிஞ்ச வேண்டும். ஜாப் இன்னும் ஃப்ரீஸ்டைல்தான். ஆனால் வேலையின் உள்ளடக்கம் கிட்டுக்குள் வந்துவிட்டது. நாலைந்து நாள் பச்சையாக ஓடிய பிறகு ஜென்கின்ஸ்ஃபைல் எழுதினால் அது தானாகவே மெலிந்து நிற்கும்: எந்த ஏஜென்ட், எந்த ஸ்டேஜ், எவ்வளவு நேர வரம்பு, எத்தனை பழைய பில்டை வைத்துக்கொள்வது. அவ்வளவு போதும். ஜென்கின்ஸ்ஃபைலின் மொழியான க்ரூவியில் லூப்பும் நிபந்தனையும் எழுத ஆரம்பித்தால் அதைச் சோதிக்க ஜென்கின்ஸையே ஓட்ட வேண்டும். ஸ்கிரிப்டில் இருந்தால் உங்கள் மடிக்கணினியிலேயே ஓட்டிப் பார்க்கலாம்.

ஸ்கிரிப்டாக மாற்றும்போது மூன்று இடத்தில் கால் இடறும். ஒன்று, ஃப்ரீஸ்டைலின் ஷெல் பெட்டி வழக்கமாக மைனஸ் எக்ஸ், மைனஸ் ஈ விருப்பங்களோடு ஓடும். ஒரு கட்டளை தோற்றால் உடனே நின்றுவிடும். தனிக் கோப்பாக்கி முதல் வரியில் பாஷ் என்று போட்டவுடன் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. கிரேடில் என்ற பில்ட் கருவி தோற்றாலும் அடுத்த வரி ஓடும், கடைசி வரி வெற்றி என்றால் பில்டும் பச்சை. ஸ்கிரிப்டின் தலையிலேயே செட் கட்டளையில் மைனஸ் ஈ, மைனஸ் யூ, பைப்ஃபெயில் மூன்றையும் போடுங்கள். இரண்டு, விண்டோஸிலிருந்து கமிட் செய்த கோப்புக்கு இயக்கும் அனுமதி இருக்காது, பெர்மிஷன் டினைட் என்று வரும். கிட் அப்டேட்-இண்டெக்ஸ் கட்டளையால் அந்த அனுமதியைக் குறித்து கமிட் செய்ய வேண்டும். மூன்று, வரி முடிவுகள். கிட் ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கு எல்எஃப் என்றும், பேட்ச் கோப்புகளுக்கு சிஆர்எல்எஃப் என்றும் கட்டாயப்படுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் பாஷ் என்ற பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டு, இன்டர்பிரெட்டரே இல்லை என்று லினக்ஸ் கையை விரிக்கும்.

மாற்றம் முடியும்வரை ஜாப் கான்ஃபிக் ஹிஸ்டரி பிளகினைப் போட்டு வையுங்கள். பிரவுசரில் யார் என்ன மாற்றினார்கள் என்பதாவது தெரியும்.

---

மஞ்சோங்_மலர் பதில்:

அண்ணன் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். கடவுச்சொல் பகுதியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், அங்கேதான் பொறிகள் அதிகம்.

தம்பி, இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். கிரெடென்ஷியல் பக்கத்தில் ஐடி பத்தியைப் பாருங்கள். உருவாக்கும்போது ஐடியைக் காலியாக விட்டிருந்தால், ஜென்கின்ஸ் தானே 36 எழுத்தில் ஒரு நீள அடையாளத்தைக் கொடுத்திருக்கும். ஜென்கின்ஸ்ஃபைலில் அதையே எழுதிவிட்டால், புது சர்வரில் அதே ஐடி இருக்காது, எல்லா ஜாப்பும் விழும். பிறகு ஐடியை மாற்றவும் முடியாது. புதிதாக உருவாக்க வேண்டும். “தராசு-சர்வர்-டிப்ளாய்” மாதிரி படித்தவுடன் புரிகிற ஐடியோடு எல்லாவற்றையும் மறுபடி உருவாக்கி, ஜேகாஸ்க் யாமலில் அந்த ஐடிகளை எழுதுங்கள்.

யாமலில் மதிப்பு இருக்கும் இடத்தில் டாலர் குறி, சுருள் அடைப்பு, உள்ளே ஒரு பெயர் என்று போட்டால் ஜேகாஸ்க் அதைச் சூழல் மாறியிலிருந்தோ, ரன் சீக்ரெட்ஸ் டைரக்டரியில் அதே பெயரில் உள்ள கோப்பிலிருந்தோ எடுத்துக்கொள்ளும். கோப்பு வழிதான் நல்லது. சூழல் மாறி டாக்கர் இன்ஸ்பெக்ட் கட்டளையில் அப்பட்டமாகத் தெரியும்.

இதில் இரண்டு பொறிகள். பெயர் கிடைக்காவிட்டால் ஜேகாஸ்க் நின்றுவிடாது. லாகில் ஓர் எச்சரிக்கை எழுதிவிட்டு வெற்று மதிப்பை வைத்துக்கொண்டு எழுந்துவிடும். சர்வர் பச்சையாகத் தெரியும், கடவுச்சொல் காலி. ஒவ்வொரு முறை எழுப்பிய பிறகும் லாகில் அன்ரிசால்வ்ட் என்ற சொல்லைத் தேடுங்கள். அடுத்தது, யாமலுக்குள்ளேயே ஜாப் டிஎஸ்எல் ஸ்கிரிப்ட் (ஜாப்களை உருவாக்கும் ஸ்கிரிப்ட்) எழுதினால், க்ரூவிக்காக நீங்கள் எழுதும் டாலர்-சுருளையும் ஜேகாஸ்க் தன்னுடையது என்று நினைத்து விழுங்கிவிடும். அதைத் தடுக்க டாலருக்கு முன்னால் கேரட் குறி போட வேண்டும்.

ஜென்கின்ஸ்ஃபைலில் ஷெல் கட்டளையை ஒற்றை மேற்கோளுக்குள் எழுதுங்கள். இரட்டை மேற்கோளில் எழுதினால் ரகசியத்தை க்ரூவியே விரித்து, விரித்த கட்டளையை ஏஜென்டுக்கு அனுப்பும். அந்த நேரத்தில் பிராசஸ் பட்டியலைப் பார்ப்பவருக்குக் கடவுச்சொல் தெரியும். ஒற்றை மேற்கோள் என்றால் பெயர் மட்டும்தான் போகும், ஷெல் தன்னிடத்தில் விரித்துக்கொள்ளும். லாகில் நட்சத்திரக் குறிகள் வருகின்றனவே என்று நம்பி இருக்க வேண்டாம். அந்த மறைப்பு தனக்குத் தெரிந்த வடிவங்களைத்தான் பிடிக்கும். எழுத்துகளைத் தலைகீழாக்கி அச்சிட்டால் தப்பிவிடும்.

ஏற்கெனவே ஏதாவது கடவுச்சொல் கமிட் ஆகியிருந்தால் அதை அழித்து இன்னொரு கமிட் போடுவதால் பயனில்லை, பழைய கமிட்டில் அது இருக்கிறது. வரலாற்றைத் திருத்தி எழுதுவதும் போதாது, யார் கணினியில் நகல் இருக்கிறதோ அங்கே அது வாழும். அந்தக் கடவுச்சொல்லையே மாற்றுங்கள். முதலில் அதுதான்.

கடைசியாக ஒன்று, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்: ஆண்ட்ராய்டு செயலியைக் கையொப்பமிடும் கீஸ்டோர் கோப்பு. நீங்கள் ஏபிகேயை (செயலியின் நிறுவல் கோப்பை) நேரடியாகக் கைப்பேசியில் நிறுவுகிறவர்களாக இருந்தால், அந்தச் சாவி தொலைந்தால் வேறு வழியே இல்லை. புதுச் சாவியால் கையொப்பமிட்ட செயலியைப் பழையதன் மேல் நிறுவ ஆண்ட்ராய்டு விடாது. பழையதை நீக்கித்தான் போட வேண்டும். நீக்கினால் கிராணி கைப்பேசியில் இன்னும் அனுப்பப்படாமல் இருக்கும் குலைக் கணக்கும் போகும். கீஸ்டோரின் நகலையும் அதன் கடவுச்சொல்லையும் இரண்டு யூஎஸ்பியில், மறையாக்கம் செய்து, இரண்டு வெவ்வேறு கட்டடத்தில் வையுங்கள்.

---

எட்டாங்கட்டை எழுதியது:

அண்ணனுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. ஆறு ஜாப்பை மாற்றி, மல்டிபிராஞ்ச் பைப்லைனாகப் (ஒவ்வொரு பிராஞ்சுக்கும் தனி ஜாப் தானே உருவாகும் வகையாக) போட்டுவிட்டோம். நான்கு இடத்தில் நிற்கிறோம்.

ஜென்கின்ஸ்ஃபைலில் பாராமீட்டர் எழுதியும் முதல் பில்டில் கேட்கும் திரை வரவில்லை.

ஆண்ட்ராய்டின் வெர்ஷன் கோடுக்கு (ஒவ்வொரு வெளியீட்டிலும் ஏற வேண்டிய எண்ணுக்கு) ஜென்கின்ஸின் பில்ட் எண்ணைப் பயன்படுத்திவந்தோம். பழைய ஜாப் 1,400ஐத் தாண்டியிருந்தது. புதியது 1இலிருந்து தொடங்குகிறது, கைப்பேசி நிறுவ மறுக்கிறது.

எந்த ஆலைக்கு எந்தப் பதிப்பு என்று ஒரு யாமல் கோப்பு வைத்திருக்கிறோம். 3.10 என்று எழுதினால் பைப்லைன் 3.1 இன்ஸ்டாலரைத் தேடுகிறது.

இரவு 2 மணி பில்ட் காலை 10 மணிக்கு ஓடுகிறது.

---

பால்மரம் பதில்:

நான்கும் தெரிந்த வியாதிகள்தான்.

பாராமீட்டர்: ஜென்கின்ஸ்ஃபைலைப் படிக்கும்வரை ஜென்கின்ஸுக்கு அதில் பாராமீட்டர் இருப்பதே தெரியாது. படிப்பது முதல் பில்டின்போது. ஆகவே ஒவ்வொரு புது பிராஞ்சிலும் முதல் ஓட்டம் திரையில்லாமல்தான் போகும், இரண்டாவதிலிருந்து வரும். கிரான் நேரமும் (பில்ட் தானாகத் தொடங்கும் நேர அட்டவணையும்) அப்படியே, ஒருமுறை ஓடிய பிறகுதான் பதிவாகும். அதனால் முதல் ஓட்டம் பாராமீட்டரே இல்லாமல் நடந்தாலும் ஆபத்து வராத மாதிரி எழுதுங்கள். டிப்ளாய் (ஆலை சர்வரில் நிறுவுவது) என்ற பூலியனின் (ஆம்-இல்லை பாராமீட்டரின்) இயல்பு மதிப்பு எப்போதும் ஃபால்ஸ்.

வெர்ஷன் கோடு: மல்டிபிராஞ்சில் ஒவ்வொரு பிராஞ்சும் தனி ஜாப், ஒவ்வொன்றும் 1இலிருந்து எண்ணும். பெட்டி கருகினாலும் இதே கதைதான், ஏனென்றால் அந்த எண் ஜென்கின்ஸ் ஹோமில் மட்டும் வாழ்கிறது. வெளியே போகும் எதற்கும் பில்ட் எண்ணை ஆதாரமாக வைக்காதீர்கள், கிட்டிலிருந்து எடுங்கள். பிராஞ்சில் உள்ள கமிட்களின் எண்ணிக்கையை கிட் ரெவ்-லிஸ்ட் கட்டளை கவுண்ட் விருப்பத்தோடு தரும். அதோடு 10,000 கூட்டிக்கொண்டால் பழைய 1,400ஐத் தாண்டி நிற்கும். மேல் வரம்பு 210 கோடி, கவலை இல்லை. ஆனால் ஷாலோ குளோன் (வரலாற்றின் கடைசித் துண்டு மட்டும்) எடுத்தால் எண்ணிக்கை 1 என்று வரும், முழு வரலாறும் வேண்டும். வெளியீட்டு ஏபிகே எப்போதும் ஒரே பிராஞ்சிலிருந்து வரட்டும். இரண்டு பிராஞ்சில் ஒரே எண்ணிக்கை வருவது சகஜம். கமிட் எண்ணிக்கைக்குப் பதில் கிட் டெஸ்கிரைப் கட்டளையைப் பயன்படுத்த நினைத்தால் டேகுகளையும் (கமிட்டுக்கு இட்ட பெயர்களையும்) இழுத்துவரும் அமைப்பைச் சேர்க்க வேண்டும், மல்டிபிராஞ்ச் வழக்கமாக டேகுகளை விட்டுவிட்டுத்தான் எடுக்கிறது.

3.10: யாமலுக்கு மேற்கோள் இல்லாத 3.10 ஒரு தசம எண். தசம எண்ணில் 3.10ம் 3.1ம் ஒன்றே, கடைசிச் சுழியம் காணாமல் போகிறது. 3.9 வரை சிக்கல் வெளியே தெரியாது, அதனால்தான் இப்போது முளைத்திருக்கிறது. மேற்கோளுக்குள் எழுதுங்கள். அதே கோப்பில் ஆலைக் குறியீடுகளும் இருந்தால் அவற்றையும் பாருங்கள்: பைப்லைன் பயன்படுத்தும் யாமல் படிப்பான் பழைய 1.1 விதிப்படி நடப்பது, சுழியத்தில் தொடங்கும் 012ஐ எட்டடிமான எண்ணாக எடுத்து 10 என்று கொடுக்கும். யெஸ், நோ, ஆன், ஆஃப் எல்லாம் உண்மை-பொய் மதிப்பாகிவிடும். எண் போலத் தெரிந்தாலும் கணக்குப் போடாத எதையும் மேற்கோளுக்குள் வையுங்கள்.

நேரம்: டாக்கருக்குள் ஜென்கின்ஸ் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நாம் 8 மணி நேரம் முன்னால் இருக்கிறோம், அங்கே 2 என்றால் இங்கே 10. கிரான் எழுத்துக்கோவையின் முதல் வரியில் டைம்ஸோனை ஏஷியா கோலாலம்பூர் என்று குறித்து, அடுத்த வரியில் நேரத்தை எழுதுங்கள். 8 மணி நேரத்தைக் கையால் கழித்து 18 என்று எழுதிவிடலாமே என்று தோன்றும். தினசரி பில்டுக்கு அது சரி. ஆனால் நம் திங்கட்கிழமை அதிகாலை அங்கே ஞாயிற்றுக்கிழமை மாலை. மாதம் 1ஆம் தேதி அதிகாலை என்பது அங்கே போன மாதத்தின் கடைசி நாள், அது 28ஆ 31ஆ என்று கிரானில் சொல்ல வழியில்லை. மாதச் சம்பளத்துக்கான எடைக் கணக்கை ஏதாவது ஜாப் தொடுகிறது என்றால் இதில் கவனம் வேண்டும். நிமிடத்துக்கு 0 போடாமல் எச் என்று போடுங்கள், எல்லா ஜாப்பும் ஒரே நொடியில் எழுந்து பெட்டியைத் திணறடிக்காது.

உங்கள் பழைய பிராஞ்ச் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. ஒவ்வொரு பிராஞ்சும் தன்னுடைய ஜென்கின்ஸ்ஃபைலைத்தான் படிக்கும். இது வரமும் சுமையும். வரம் என்னவென்றால், 3.8க்குப் பழைய ஜாவா, 3.10க்குப் புதிய ஜாவா என்றால் அந்தந்த பிராஞ்சின் ஜென்கின்ஸ்ஃபைலே தனக்கு வேண்டிய டாக்கர் இமேஜைச் சொல்லிக்கொள்ளும். சுமை என்னவென்றால், மெயினில் ஏஜென்டின் லேபிளை மாற்றினால் 3.8 பிராஞ்ச் பழைய லேபிளைக் கேட்டு வரிசையில் காத்துக்கிடக்கும், சத்தமே போடாது. ஒரு ஏஜென்டுக்கு இடைவெளி விட்டுப் பல லேபிள் கொடுக்கலாம். பழைய பெயரையும் விடாமல் வைத்திருங்கள். ஸ்டேஜ்களுக்கு ஏஜென்டின் சொந்தப் பெயரைக் கொடுக்கவே கூடாது.

இமேஜ்களையும் லேட்டஸ்ட் என்ற டேகால் கூப்பிடாதீர்கள், எஸ்எச்ஏ256 டைஜெஸ்டால் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட கைரேகையால்) கூப்பிடுங்கள். 3.8க்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் பில்ட் நடக்கும். அதற்குள் டேகின் பின்னால் வேறு இமேஜ் வந்திருக்கும். ஜாவாவுக்கான ஓப்பன்ஜேடிகேயின் அதிகாரப்பூர்வ டாக்கர் இமேஜே கைவிடப்பட்ட ஒன்று, எக்லிப்ஸ் டெமுரின் பக்கம் போக வேண்டியதாயிற்று. பழைய பதிப்புகளுக்குத் தேவையான இமேஜ்களை அலுவலகத்துக்குள்ளேயே ஒரு ரெஜிஸ்ட்ரியில் நகலெடுத்து வையுங்கள். மழைநாளில் இணையம் விட்டுவிட்டு வரும்போது அதுவே கைகொடுக்கும்.

மற்றவர் எழுதியதை டேக் பெயரால் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2025 மார்ச்சில் இன்னொரு பில்ட் சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் பக்கம் நடந்ததைப் பாருங்கள். மாறிய கோப்புகளைக் கண்டுபிடிக்கும் ஒரு பிரபலமான ஆக்‌ஷனுக்குள் யாரோ புகுந்து, அதன் பழைய டேகுகளையெல்லாம் தங்கள் கமிட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். அது ரகசியங்களை பில்ட் லாகில் கொட்டியது. 40 எழுத்துள்ள கமிட் அடையாளத்தால் கூப்பிட்டவர்களை டேக் மாற்றம் தொடவில்லை. நீங்கள் ஜென்கின்ஸில் ஷேர்டு லைப்ரரி (பல ஜென்கின்ஸ்ஃபைல்கள் பகிரும் பொது நிரல்) எழுதத் தொடங்கினால் இதே நியாயம்தான்: மெயின் என்று கூப்பிடாமல் ஒரு குறிப்பிட்ட பதிப்பைக் கூப்பிடுங்கள். இல்லாவிட்டால் லைப்ரரியில் ஒருவர் செய்த சிறு மாற்றம் 3.8, 3.9, 3.10 மூன்றையும் ஒரே நேரத்தில் உடைக்கும்.

---

கிந்தாக்கரை பதில்:

பால்மரம் எழுதியது எல்லாம் சரி. சர்வரைத் திரும்ப எழுப்பும் ஒத்திகையைச் சொல்ல விட்டுவிட்டேன். இதைச் செய்து பார்க்காதவரை கிட்டில் இருப்பது முழுமையா என்று உங்களுக்குத் தெரியாது.

பழைய மடிக்கணினி ஒன்று போதும். டாக்கர் போடுங்கள், சர்வர் ரெப்போவை குளோன் செய்யுங்கள், ரகசியக் கோப்புகளை யூஎஸ்பியிலிருந்து வையுங்கள், எழுப்புங்கள். பிரவுசரில் கை வைக்கக் கூடாது. எங்கே கை வைக்கத் தோன்றுகிறதோ, அங்கே ஓர் அமைப்பு இன்னும் கிட்டுக்கு வெளியே இருக்கிறது. ரெப்போவில் எழுதிவிட்டு முதலிலிருந்து ஆரம்பியுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை: மல்டிபிராஞ்ச் ஜாப் முதன்முறை ஸ்கேன் செய்யும்போது எல்லா பிராஞ்சையும் பில்ட் செய்யத் தொடங்கும். ஒத்திகைப் பெட்டி உண்மையான ஆலை சர்வருக்கு டிப்ளாய் செய்துவிடக் கூடாது. பிராஞ்ச் இண்டெக்ஸிங்கால் (இந்த ஸ்கேனால்) தொடங்கிய பில்டில் டிப்ளாய் ஸ்டேஜ் ஓடாதபடி வென் நிபந்தனையில் எழுதலாம்.

---

மஞ்சோங்_மலர் பதில்:

அண்ணா, அந்த நிபந்தனை இவர்களுக்குச் சரிவராது என்று நினைக்கிறேன். கடைவீட்டு அலுவலகத்தில் பொது ஐபி இருக்காது, வெப்ஹூக் (புது கமிட் வந்ததென்று ரெப்போ அனுப்பும் செய்தி) உள்ளே வர வழியில்லை. அப்படியானால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரெப்போவை ஸ்கேன் செய்வதால்தான் பில்ட் தொடங்கும். அப்போது எல்லா பில்டுக்கும் காரணம் பிராஞ்ச் இண்டெக்ஸிங் என்றே பதிவாகும். டிப்ளாய் ஒருநாளும் ஓடாது.

அதற்குப் பதில் பால்மரம் சொன்ன பூலியனை வையுங்கள். மனிதர் திரையில் டிக் செய்தால் மட்டும் டிப்ளாய். ஒத்திகைப் பெட்டியில் டிப்ளாய் ரகசியத்தின் இடத்தில் வேண்டுமென்றே ஒரு போலி மதிப்பை வையுங்கள். தவறி ஓடினாலும் ஆலை சர்வர் உள்ளே விடாது.

---

கிந்தாக்கரை பதில்:

சரியாகச் சொன்னீர்கள் தங்கச்சி. ஸ்கேனை நம்பியிருக்கும் இடத்தில் என் நிபந்தனை டிப்ளாயை முற்றாகவே முடக்கிவிடும். போலி ரகசியம் நல்ல யோசனை, அதையே செய்யுங்கள் தம்பி.

---

எட்டாங்கட்டை எழுதியது:

அப்படியே செய்கிறோம். கடைசியாக ஒரு கேள்வி. அவசரத்தில் யாராவது பிரவுசரில் போய் ஓர் அமைப்பை மாற்றினால் ஜேகாஸ்க் தடுக்குமா? யாமலிலிருந்து ஒரு ஜாப்பை எடுத்துவிட்டால் அது சர்வரிலிருந்தும் போய்விடுமா?

---

பால்மரம் பதில்:

இரண்டுக்கும் இல்லை என்பதுதான் பதில்.

பிரவுசரில் செய்த மாற்றம் உடனே வேலை செய்யும். அடுத்த ரீஸ்டார்ட்டிலோ, யாமலை ரீலோட் செய்யும்போதோ யாமலில் உள்ளது அதன் மேல் ஏறி அழித்துவிடும். மூன்று வாரம் கழித்து மின்சாரம் போய் வரும்போது மாற்றம் மறைந்து, ஏன் என்று யாருக்கும் தெரியாமல் நிற்பீர்கள். அதனால் நிர்வாக உரிமையை ஒரே ஒரு கணக்குக்கு மட்டும் வைத்துவிட்டு, மற்றவர்களுக்குப் பில்ட் தொடங்கும் உரிமையும் லாக் பார்க்கும் உரிமையும் கொடுங்கள். அவசரமாகச் சோதிக்க வேண்டுமென்றால் பைப்லைனில் ரீப்ளே இருக்கிறது: கமிட் செய்யாமலே ஜென்கின்ஸ்ஃபைலைத் திருத்தி அந்த ஒரு பில்டை மட்டும் ஓட்டலாம். சரிவந்ததும் திருத்தத்தைக் கையோடு ரெப்போவில் எழுதுங்கள், ரீப்ளே அதை எங்கும் கமிட் செய்யாது.

யாமலிலிருந்து நீக்கிய ஜாப் சர்வரில் அப்படியே இருக்கும், பழைய நேரப்படி ஓடவும் செய்யும். அதை நீங்களே நீக்க வேண்டும். சீட் ஜாப் (மற்ற ஜாப்களை உருவாக்கும் ஜாப்) வழியாக ஜாப் டிஎஸ்எல் ஓட்டினால், நீக்கப்பட்டவற்றை என்ன செய்வது என்று கேட்கும் அமைப்பு உண்டு. இயல்பு நிலை கண்டுகொள்ளாமல் விடுவது. டிலீட் என்று மாற்றுமுன் யோசியுங்கள், ஜாப்போடு அதன் பில்ட் வரலாறும் சேமித்த இன்ஸ்டாலர்களும் சேர்ந்து போகும். டிசேபிள் என்று வையுங்கள். ஆலைக்கு அனுப்பிய இன்ஸ்டாலர்களை ஜென்கின்ஸுக்குள் மட்டும் வைக்காமல், பில்ட் முடிந்ததும் வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுக்கும் வரியை அந்த ஸ்கிரிப்டிலேயே சேர்த்துவிடுங்கள்.